கித்துள் மட்டையிலிருந்து தும்பு: மலையகத்தில் தொழில் தொடங்குவோருக்கு

மலையகத்தில் பனை நார் என்று பேச்செடுத்தால் அது உடனே யாழ்ப்பாணத்துக்குப் போய்விடுகிறது. பனந்தும்பு, ஓலைப்பெட்டி, 1978இல் தொடங்கிய பனை அபிவிருத்திச் சபை என்று வடக்கிற்கு ஒரு வரலாறே உண்டு. நம் பக்கத்துக் கித்துள் பனையை அந்தக் கண்ணோடு பார்ப்பவர்கள் குறைவு. கருப்பட்டிக்கும் பாணிக்கும் பேர்பெற்ற அந்த மரத்தின் மட்டையடியில், கறுத்து விறைத்து, ஈரத்துக்கு எளிதில் இளகாத ஒரு தும்பு இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது இலங்கையிலிருந்து கப்பலேறி ஐரோப்பாவின் பிரஷ் பட்டறைகளுக்குப் போனது. காட்டு யானைகளைக் கட்டும் கயிற்றையும் அதில் திரித்தார்கள் என்று அக்காலக் குறிப்புகள் சொல்கின்றன. இன்று அதே மட்டை ஓடையோரம் மக்கிக் கிடக்கிறது.

அதைக் கையில் எடுத்துத் தொழிலாக்க நினைக்கும் புதியவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெரிய இயந்திரமும் கடனும் இல்லாமல், ஒரு குடும்பமோ நாலைந்து பெண்கள் சேர்ந்த குழுவோ தொடங்கக்கூடிய அளவில்தான் இங்கே எல்லாவற்றையும் சொல்கிறேன். இதில் நான் திரும்பத் திரும்ப வலியுறுத்தப்போவது ஒன்றைத்தான். ஓலையின் ஒவ்வொரு பகுதியும் வெவ்வேறு சரக்கு. மட்டையடி, மட்டை, ஈர்க்கு, கீற்று எல்லாவற்றையும் ஒரே குவியலாகப் போட்டு நார் என்று கிலோக்கணக்கில் விற்கப்போனால் கூலிகூடக் கட்டாது. பிரித்தறிந்து, ஒவ்வொன்றையும் அதற்குரிய பொருளாக்கினால்தான் கையில் ஏதாவது நிற்கும்.

எந்த உயரத்தில் எந்த மரம்

கித்துள் ஈரவலயத்து மரம். தாழ்நிலத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீற்றர் உயரம் வரை வளரும். எட்டியாந்தோட்டை, தெரணியகலை, கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கொத்மலை, மாத்தளைப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு அது கைக்கெட்டும் தூரத்திலேயே கிடைக்கும். 1,868 மீற்றரில் இருக்கும் நுவரெலியா நகரைச் சுற்றித் தேடினால் கிடைப்பது அரிது. அங்கே இருப்பவர்கள் கீழ்ப்பகுதிகளில் சுத்தம் செய்த தும்பை வாங்கிப் பொருளாக்கி, சுற்றுலாப் பயணிகளுக்கு விற்பதே புத்திசாலித்தனம்.

மரத்தை அடையாளம் காண்பதில் சிரமம் இல்லை. மற்றப் பனையினங்களின் ஓலை ஒருமுறை பிரிந்திருக்கும், அல்லது விசிறியாக விரிந்திருக்கும். கித்துளின் ஓலை இருமுறை பிரிந்து, நுனி கிழிந்த மீன்துடுப்பைப் போன்ற கீற்றுகளைத் தாங்கி நிற்கும். நன்கு வளர்ந்த மரத்தில் ஓர் ஓலை 5, 6 மீற்றர் நீளம் இருக்கும். மரம் பத்துப் பதினைந்து வருடம் வளர்ந்த பிறகு முதற்பாளையை உச்சியில் விடும். அதன்பின் அடுத்தடுத்த பாளைகள் ஒவ்வொரு கணுவாகக் கீழிறங்கி வரும். கடைசிப் பாளை முடிந்ததும் மரமும் முடிந்துவிடும். தும்புத் தொழிலுக்கு இந்த வாழ்க்கைச் சுற்றைத் தெரிந்திருப்பது மிக முக்கியம். ஏன் என்பதை, மட்டை யாருடையது என்று பேசும்போது சொல்கிறேன்.

கித்துளோடு கமுகும் தென்னையும் மலையகத்தின் கீழ்ச்சரிவுகளில் உண்டு. கண்டி, கேகாலைப் பகுதிகளில் தாளிப்பனையும் இருக்கிறது. சிங்கள ஏடுகள் பெரும்பாலும் எழுதப்பட்டது அதன் குருத்தோலையில்தான். பல பனையினங்களை ஒரே நாளில் பார்த்து ஒப்பிட வேண்டுமென்றால் 1821இல் தொடங்கப்பட்ட பேராதனைத் தாவரவியல் பூங்காவுக்குப் போங்கள். அங்கே மரத்தின் அழகைவிட, மட்டையடி தண்டைத் தழுவி நிற்கும் விதத்தைக் கவனியுங்கள். எது தானாகக் கழன்று விழுகிறது, எது தண்டிலேயே தங்கி நாராகக் கிழிகிறது என்று பாருங்கள். உங்கள் மூலப்பொருள் அங்கேதான் இருக்கிறது.

கண்டிக்கு அருகே தும்பறைப் பகுதிக் கிராமத்தில் நெய்யும் தும்பறைப் பாயின் இழை பனையா என்று பலர் கேட்கிறார்கள். அது ‘ஹண’ எனப்படும் கற்றாழை வகைச் செடியின் நார். நெசவு முறையைக் கற்க அந்தக் கிராமத்துக்குப் போகலாம். மூலப்பொருள் வேறு.

மட்டைக்குள் என்ன இருக்கிறது

வேலையைத் தொடங்குமுன் ஒரு மட்டையைக் குறுக்கே, கூரிய கத்தியால் ஒரே வீச்சில் வெட்டுங்கள். வெட்டுமுகத்தைத் தண்ணீரால் துடைத்து, உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். வெளிறிய சதைக்குள் ஏராளமான புள்ளிகள் தெரியும். ஒவ்வொரு புள்ளியும் மட்டையின் நீளத்துக்கு ஓடும் ஒரு குழாய்க்கட்டு. நீரை மேலே கொண்டுபோகும் குழாயும் உணவைக் கடத்தும் குழாயும் அதற்குள் இருக்கின்றன. அவற்றைச் சுற்றித் தடித்த சுவருள்ள நார்க்கலங்கள் உறையாக அமைந்திருக்கின்றன. நாம் தும்பு என்று உருவி எடுப்பது இந்தக் கட்டைத்தான்.

இதிலிருந்து தொழிலுக்கு நேரடியாக உதவும் சில செய்திகள் கிடைக்கின்றன. முதலாவது, நம் கையில் ஒற்றை இழையாகத் தெரிவது உண்மையில் ஓரிரு மில்லிமீற்றர் நீளமே உள்ள எண்ணற்ற நார்க்கலங்களின் சேர்க்கை. அவற்றை ஒன்றோடொன்று பிணைத்து வைத்திருப்பது லிக்னினும் அதனோடு சேர்ந்த பசைப்பொருள்களும். சதையை மட்டும் அழுகவிட்டு நிறுத்தினால் நீண்ட தும்பு கிடைக்கும். அளவு மீறி அழுகவிட்டாலோ காஸ்டிக் சோடாவில் கொதிக்கவைத்தாலோ அந்தப் பிணைப்பும் கரைந்து, இழை துண்டுதுண்டாக உதிரும். காகிதக்கூழ் செய்பவருக்கு அதுதான் வேண்டும். பிரஷ் செய்பவருக்கு அது முழு நட்டம்.

இரண்டாவது, புள்ளிகள் எல்லா இடத்திலும் ஒரே அடர்த்தியாக இல்லை. விளிம்பை ஒட்டி நெருங்கியும், நடுவில் ஐதாகவும் இருக்கும். காற்றில் வளையும்போது அதிக இழுவையைத் தாங்குவது விளிம்புதான், மரம் அங்கேதான் பலத்தைச் சேர்த்து வைக்கிறது. ஆகவே மட்டையை நீளவாக்கில் பிளக்கும்போது வெளித்தோலோடு ஒட்டிய பட்டையை முதலில் தனியே எடுங்கள். நடுச்சதையை உரக்குழிக்கு அனுப்புங்கள். நடுச்சதையிலிருந்தும் நார் எடுக்கலாம் என்று நாள்முழுக்கச் சீவிக்கொண்டிருந்தால் கை வலிதான் கூலி.

நார்க்கலத்தின் சுவருக்குள் செலுலோஸ் நுண்ணிழைகள் சுருளாகச் சுற்றப்பட்டிருக்கின்றன. அந்தச் சுருள் நார் ஓடும் திசைக்கு நெருக்கமாக இருந்தால் நார் விறைப்பாக இருக்கும், அதிகம் நீளாது. சாய்வு கூடினால் இழுக்க இழுக்க நீளும். தேங்காய் மட்டைத் தும்பில் இந்தச் சாய்வு ஏறத்தாழ 45 பாகை. லிக்னினும் அதில் மிக அதிகம். கயிற்றுக்கும் மெத்தைக்கும் அது பொருந்துவது இதனால்தான். கித்துளின் மட்டையடித் தும்பு வேறு குணம் கொண்டது. வளைத்துவிட்டால் பழைய நிலைக்குத் திரும்பும். நனைந்தாலும் விறைப்பை எளிதில் இழக்காது. தேய்த்துக் கழுவும் பிரஷ்ஷுக்கு வேண்டிய குணம் இது.

மட்டையடியைப் பற்றி இன்னும் ஒன்று. கனமான ஓலையை மழையிலும் காற்றிலும் தண்டோடு பிடித்து வைத்திருக்கும் வேலை அதனுடையது. தென்னையில் இந்தப் பகுதி பன்னாடையாகிறது. தும்புகள் ஒன்றையொன்று குறுக்கே கடந்து, தறியில்லாமலே துணியாக நிற்கும். கள் வடிக்கவும் பால் பிழியவும் நம் முன்னோர் அதை அப்படியே பயன்படுத்தினார்கள். பன்னாடையை நாராகப் பிரிப்பது வீண்வேலை. அதை விரித்த நிலையிலேயே விற்க வேண்டும்.

பனையினங்களின் நார்களை ஒட்டி நுண்ணிய சிலிக்கா மணிகளும் இருக்கின்றன. கத்தி சீக்கிரம் மழுங்குவது அதனால்தான். சாணைக்கல்லைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள்.

யாருடைய மட்டை?

இதைப் பல வழிகாட்டிகள் சொல்வதில்லை. மலையகத்தில் இதைச் சொல்லாமல் மேலே போகமுடியாது. தோட்டத்து லய வீடுகளில் வாழ்பவர் காலடியில் கிடக்கும் மட்டை, தோட்டத்து நிலத்து மரத்தின் மட்டை. ஒன்றிரண்டைப் பொறுக்கினால் யாரும் கேட்கமாட்டார்கள். வாரத்துக்கு ஒரு லொறி என்று வளர்ந்துவிட்டால் கேட்பார்கள். எனவே முதல் நாளே தோட்ட முகாமையாளரிடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள். விழுந்த மட்டையும் கழித்த மட்டையும் மட்டுமே எடுப்போம், பச்சை ஓலை வெட்டமாட்டோம், தேயிலைச் செடிகளுக்கு நடுவே குவித்து வைக்கமாட்டோம் என்று கடிதத்தில் தெளிவாக எழுதுங்கள். தனியார் நிலமானால் உரிமையாளரிடம் பேசுங்கள். காட்டுப்பகுதிக்குள் நுழையாதீர்கள். சரக்கை ஊர் விட்டு ஊர் கொண்டுபோகும்போது என்ன பத்திரம் வேண்டும் என்பதைக் கிராம உத்தியோகத்தரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தவர் கித்துள் சீவுபவர். பெரும்பாலும் அண்டைச் சிங்களக் கிராமத்தவர், பரம்பரையாக அந்தத் தொழிலைச் செய்பவர். அந்த மரம் அவருடைய வருமானம். பச்சை ஓலையை வெட்டினால் மரத்தின் உணவு குறையும், பதநீரும் குறையும். ஆகவே அவருக்குத் தெரியாமல் ஒரு மட்டையும் எடுக்காதீர்கள். அவரோடு உறவு வைத்துக்கொண்டால் நன்மை உங்களுக்குத்தான். பாளைக்கு வழிசெய்யப் பழைய மட்டைகளை அவர் கழிப்பார். எந்த மரம் கடைசிப் பாளைக்கு வந்துவிட்டது என்பதும் அவருக்குத்தான் தெரியும். முடிந்த மரத்தை, தண்டுக்குள் இருக்கும் மாவுக்காக வெட்டும்போது, மட்டையடிகள் முழுவதும் ஒரே இடத்தில், ஏறாமல் இறங்காமல் கிடைத்துவிடும். தும்புக்கு இதைவிட நல்ல தருணம் இல்லை.

கண்டிப் பக்கத்தில் கித்துள் ஓலைக்கு இன்னொரு பங்காளியும் உண்டு. வளர்ப்பு யானைகளுக்கு அது விருப்பமான தீனி. பெரஹரா ஊர்வலக் காலத்தில் ஓலைக்குக் கிராக்கி கூடும். அங்கே ஓலையைக் கேட்டுப் போட்டியிட வேண்டாம். மட்டையடியை மட்டும் கேளுங்கள்.

சேகரிப்பு

முழங்கை வரை மறைக்கும் கையுறை, சப்பாத்து, கவ்வாத்துக் கத்தி, சாணைக்கல், சாக்கு இவை போதும். காய்ந்த மட்டையடிக்குள் பூரானும் தேளும் சில நேரம் பாம்பும் குடியிருக்கும். கையை விடுமுன் தடியால் தட்டுங்கள். கித்துள் பழத்தை வெறுங்கையால் தொடாதீர்கள். சதைக்குள் ஊசி வடிவக் கல்சியம் ஒக்சலேற்றுப் பளிங்குகள் இருக்கின்றன, கடுமையாக அரிக்கும். மரத்தடியில் விழுந்து நசுங்கிய பழத்தின் மேல் மட்டையை இழுத்து வந்தால் அந்த அரிப்பு தும்போடு வீட்டுக்கு வந்துவிடும். குழந்தைகளை இந்த வேலையில் சேர்க்கவே வேண்டாம்.

மரத்தில் ஏறாதீர்கள். சீவுபவருக்கு அதற்கான பழக்கமும் கட்டும் இருக்கிறது. உங்களுக்கு விழுந்தது போதும்.

எடுத்த இடத்திலேயே மூன்றாகப் பிரியுங்கள். மட்டையடி ஒரு சாக்கில், மட்டை ஒரு கட்டில், ஈர்க்குக்கு ஆகும் ஓலை ஒரு கட்டில். வீட்டுக்கு வந்து பிரித்துக்கொள்ளலாம் என்று விட்டால் ஈரமும் மண்ணும் எல்லாவற்றிலும் ஏறி இரட்டை வேலையாகும். இற்றுப்போனதை அங்கேயே விட்டுவிடுங்கள். ஒரு தும்பை உருவி, விரலில் இறுக்கமாகச் சுற்றிப் பாருங்கள். ஒடிந்தால் அந்த மட்டையடி காலம் கடந்தது.

ஊறவைத்தலும் சீவுதலும்

பழைய கித்துள் மட்டையடியில் மழையும் பூஞ்சையும் பாதி வேலையை முடித்திருக்கும். தும்பு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதைத் தண்ணீரில் நனைத்து, மரச்சுத்தியலால் தட்டி, உருவினாலே போதும். மட்டைப் பட்டைகளுக்குத்தான் ஊறல் தேவை.

ஊறவைக்கும்போது நுண்ணுயிர்கள் சதையைத் தின்று தும்பைத் தளர்த்துகின்றன. தண்ணீர் குளிர்ந்திருந்தால் அவற்றின் வேலை மந்தமாகும். மலையகத்தில் ஊறல் தாழ்நிலத்தைவிட நீளமாக இழுப்பது இதனால்தான். யூடியூப் காணொளியில் தமிழ்நாட்டிலோ நீர்கொழும்பிலோ இத்தனை நாள் என்று சொன்னதை இங்கே நம்பவேண்டாம். தினமும் ஒரு பட்டையை எடுத்துக் கட்டைவிரலால் அழுத்தித் தள்ளுங்கள். சதை வழுக்கிக்கொண்டு வந்து தும்பு முழுதாக நின்றால் அன்றைக்கே எடுத்துவிடுங்கள். கறுப்புப் பீப்பாயில் தண்ணீர் நிரப்பி வெயில் படும் இடத்தில் வைத்தால் ஊறல் விரைவுபடும்.

ஓடையிலோ பீலிக்குப் போகும் நீரோட்டத்திலோ ஊறவைக்காதீர்கள். அந்தத் தண்ணீர் கறுத்து நாறும். அதில் உயிர்வாயு குறைந்து மீன் செத்து மிதக்கும். கீழ்லயத்தில் அதைத்தான் குடிக்கிறார்கள். பீப்பாயிலோ சீமெந்துத் தொட்டியிலோ ஊறவைத்து, கழிவுநீரை வாழைக்கும் உரக்குழிக்கும் விடுங்கள். தொட்டியை வலையால் இறுக மூடுங்கள். திறந்து கிடந்தால் நுளம்பு பெருகும். டெங்கு பரவும் நாட்டில் சுகாதாரப் பரிசோதகர் வழக்குப் போடத் தயங்கமாட்டார், போடுவதே சரி.

சீவுவதற்கு ஆணிச்சீப்பு போதும். தடித்த பலகையில் துருப்பிடிக்காத நீள ஆணிகளை வரிசையாக அடித்து நிறுத்துங்கள். அகன்ற இடைவெளியில் ஒன்று, நெருங்கிய இடைவெளியில் இன்னொன்று. ஈரத் தும்பைக் கைப்பிடி அளவாகப் பிடித்து நுனியிலிருந்து தொடங்கி, மெல்ல அடிநோக்கி வாருங்கள். அடியிலிருந்து இழுத்தால் சிக்கி அறும். சீப்பில் தங்கும் குட்டைத் தும்பைத் தூக்கி எறியாதீர்கள், அதற்கும் வேலை இருக்கிறது. காய்ந்த தும்பைச் சீவ நேர்ந்தால் முகக்கவசம் அணியுங்கள்.

உலர்த்தல்

மலையகத்தில் இந்தத் தொழில் தோற்பதும் ஜெயிப்பதும் இங்கேதான். தும்பு எடுப்பது யாருக்கும் ஒரு வாரத்தில் கைவந்துவிடும். அதைப் பூஞ்சையில்லாமல் உலர்த்திக் கொடுப்பதற்கு இடமும் திட்டமும் வேண்டும்.

முதலில் உங்கள் சரிவின் மழையை அறிந்துகொள்ளுங்கள். ஹட்டன், வட்டவளை, கினிகத்தேனை, நாவலப்பிட்டிப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அங்கே ஜனவரி முதல் மார்ச் வரையே நல்ல வெயில். பதுளை, பசறை, பண்டாரவளைப் பக்கம் இது தலைகீழ். வடகீழ்ப் பருவமழை டிசம்பர் முதல் பெப்ரவரி வரை. ஜூன் முதல் ஓகஸ்ட் வரை வறண்ட காற்று வீசும், உலர்த்தலுக்கு அதைவிட வேறென்ன வேண்டும். ஆகவே மேற்குச் சரிவில் இருப்பவர்கள் மழைக்காலத்தில் மட்டையைச் சேகரித்து வைத்து, ஜனவரியை ஒட்டி ஊறவைப்பது ஒரு வழி. மேற்கில் எடுத்த தும்பை ஊவாவில், அதாவது பதுளைப் பக்கத்தில், உலர்த்த இரண்டு குழுக்கள் ஒப்பந்தம் செய்துகொள்வது இன்னொரு வழி. லொறிக்கூலியைக் கணக்கிட்டுப் பார்த்து முடிவெடுங்கள். தும்பு பாரம் குறைந்தது, ஆனால் இடத்தை அடைத்துக்கொள்ளும், கட்டி அழுத்தினால்தான் கூலி கட்டும்.

மழைக்காலத்திலும் வேலை நடக்க வேண்டுமென்றால் ஒரு கொட்டகை போடுங்கள். மூங்கில் சட்டகம், மேலே தெளிவான பொலித்தீன், இரண்டு பக்கமும் திறப்பு. தரையிலிருந்து இடுப்பளவு உயரத்தில் பரண் கட்டி, தும்பை மெல்லிய அடுக்காகப் பரப்புங்கள். காற்று கீழிருந்து மேலாகப் போகவேண்டும். மூடி வைத்தால் உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும், அதனால் வெப்பத்தைவிடக் காற்றோட்டத்துக்கு முதலிடம் கொடுங்கள். கித்துள் தும்பு வெயிலைத் தாங்கும். கூடைக்கும் பைக்கும் ஆகும் ஓலைக்கீற்றை நேர்வெயிலில் வைத்தால் நிறம் வெளிறி நொறுங்கும், அதை நிழலில் உலர்த்துங்கள்.

அடுப்பங்கரைப் பரணில் உலர்த்துவது பழைய வழக்கம். பூச்சி வராது, உண்மைதான். புகைநாற்றம் ஏறும் என்பதும் உண்மை. தரை கழுவும் பிரஷ்ஷுக்கு அது பாதகமில்லை, கைப்பைக்கு உதவாது. தேயிலைத் தொழிற்சாலைக்கு அருகே ஊறல் தொட்டியோ உலர்த்தும் பரணோ வைக்காதீர்கள். தேயிலை எந்த வாடையையும் உடனே இழுத்துக்கொள்ளும். ஒரு நாள் நாற்றத்தால் தோட்ட நிர்வாகத்தோடு உள்ள நல்லுறவு போய்விடும்.

காய்ந்துவிட்டதா என்பதைக் கையால் தொட்டு முடிவு செய்யாதீர்கள். குளிர்ந்த காற்றில் ஈரமான தும்பும் காய்ந்ததாகத் தோன்றும். 100 கிராம் மாதிரியைத் தராசில் நிறுத்து, அடுப்பின் மேல் தகட்டில் கருகாத சூட்டில் வைத்து, எடை மேலும் குறையாமல் நிற்கும்வரை திரும்பத் திரும்ப நிறுங்கள். 100 கிராம் 88இல் நின்றால் அதில் 12 கிராம் தண்ணீர் இருந்தது. ஒவ்வொரு கட்டுக்கும் இந்த எண்ணைக் குறித்து வையுங்கள். வாங்குபவர் ஈரம் என்று விலையைக் குறைக்கும்போது உங்கள் கையிலும் ஓர் எண் இருக்கவேண்டும்.

தரம் பிரித்தல்

நீளம்தான் முதல் அளவு. ஒரு பலகையில் கோடுகள் வரைந்து, அடியை ஒரு முனையில் தட்டி ஒழுங்குபடுத்தி, நீளம், நடுத்தரம், குட்டை என்று பிரியுங்கள். கோடுகளை எங்கே வரைவது என்பதை வாங்குபவரின் தேவையைக் கேட்டுத் தீர்மானியுங்கள். பிறகு தடிப்பு. தரைக்குத் தடித்தது, துணிக்கு மெல்லியது. கடைசியாக ஒரு சோதனை. பத்துத் தும்பை இரவு முழுக்கத் தண்ணீரில் போட்டு, காலையில் எடுத்து இரண்டாக மடக்கி விடுங்கள். நிமிர்ந்தவை பிரஷ்ஷுக்கு. மடிந்தே கிடப்பவை கயிற்றுக்கும் திணிப்புக்கும்.

எதைச் செய்து விற்பது

உலகச் சந்தையில் ஓலை நாருக்கு ஏற்கெனவே பெரியவர்கள் இருக்கிறார்கள். பிரேசிலின் பியசாவா தெருப் பெருக்கும் துடைப்பங்களுக்குப் போகிறது. இந்தோனேசியாவின் சர்க்கரைப் பனையும் கறுப்புத் தும்பு தருகிறது. மடகஸ்காரின் ராஃபியா, இளங்கீற்றின் மேல்தோலை உரித்தெடுத்த நாடா, தொப்பிக்கும் பைக்கும் உலகமெங்கும் விற்கிறது. இவர்களோடு மூலத் தும்பின் விலையில் மோதுவது நம்மால் ஆகாது. நம்மால் ஆவது சின்ன அளவில், முடித்த பொருளாக, தரம் குறையாமல் கொடுப்பது.

என் தேர்வில் முதலிடம் கித்துள் பிரஷ்ஷுக்குத்தான். செய்முறை எளிது, கவனம் அதிகம் வேண்டும். பலகையில் துளைகளைப் பாதி ஆழம் அகலமாகவும் பின்பக்கம் குறுகலாகவும் போடுங்கள். பின்பக்கத்திலிருந்து செம்பு அல்லது துருப்பிடிக்காத கம்பியை வளையமாக விடுங்கள். தும்புக் கொத்தின் நடுவை வளையத்தில் மாட்டி இழுங்கள். கொத்து இரண்டாக மடிந்து துளைக்குள் இறுகும். அதே கம்பி அடுத்த துளைக்குப் போகும். முடிந்ததும் பின்னால் ஒரு மெல்லிய பலகை வைத்து மூடி, தும்பை ஒரே மட்டத்தில் வெட்டவேண்டும். பலகைக்குத் தேயிலை நிழல்மரமான சவுக்குப் பலகைத் துண்டுகள் மர ஆலைகளில் மலிவாகக் கிடைக்கும், நன்றாகக் காய்ந்ததை எடுங்கள். காய்கறி கழுவ, சட்டி தேய்க்க, சப்பாத்து துடைக்க, தேயிலைத் தொழிற்சாலையில் தட்டுகளைக் கூட்ட என்று அளவுக்கொரு பிரஷ் செய்யலாம். கண்டியிலும் எல்லவிலும் வரும் வெளிநாட்டவர் பிளாஸ்டிக் இல்லாத சமையலறைப் பொருளைத் தேடி வாங்குகிறார்கள். ஹட்டன் கடைத்தெருவில் வாங்குபவர் விலையையும் உழைப்பையும் பார்ப்பார். இரண்டுக்கும் ஒரே தும்பு, வேறு பலகை, வேறு விலை.

இரண்டாவது, தென்னை ஈர்க்கு. விளக்குமாறு யார் வேண்டுமானாலும் கட்டுவார்கள், இலாபம் மெல்லியது. நான் சுட்டிக்காட்ட விரும்புவது இடியப்பத் தட்டை. 2023 ஒக்டோபர் முதலாம் திகதி நடைமுறைக்கு வந்த பிளாஸ்டிக் தடையில் உறிஞ்சுகுழல், தட்டு, கரண்டி ஆகியவற்றோடு பிளாஸ்டிக் இடியப்பத் தட்டும் இருக்கிறது. ஒவ்வொரு வீட்டிலும் உணவகத்திலும் அன்றாடம் பத்து இருபது தேவைப்படும் பொருள். ஈர்க்கையும் பிரம்பையும் கொண்டு பின்னிய தட்டு நம் பாட்டிமார் காலத்தில் இருந்ததுதான். ஈர்க்கைச் சீராகச் சுரண்டி, கொதிநீரில் போட்டெடுத்து, சாயம் எதுவும் பூசாமல் பின்னுங்கள். விளிம்பு கழன்றுவிடும் தட்டை உணவகக்காரர் இரண்டாம் முறை வாங்கமாட்டார், அதனால் விளிம்புக் கட்டில் நேரம் செலவழியுங்கள்.

பாக்கு மட்டைத் தட்டைப் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். 2017 செப்டெம்பரில் பொலித்தீன் லஞ்ச் ஷீட்டும் ரெஜிபோம் பெட்டியும் தடைசெய்யப்பட்ட பிறகு அதற்குத் தேவை உண்டு. மட்டையைக் கழுவி, நனைத்து, சூடான அச்சில் அழுத்தினால் தட்டு ஆகிவிடும், பசை வேண்டாம். ஆனால் அச்சு இயந்திரமும் மின்சாரமும் வேண்டும், வருடம் முழுவதும் மட்டை வரவேண்டும். கமுகு அடர்ந்த கேகாலை மாவட்டப் பக்கத்தவர்களுக்கு நான் இதைச் சொல்வேன். மேட்டுத் தோட்டங்களில் இருப்பவர்களுக்குச் சொல்லமாட்டேன்.

பன்னாடையை ஓர்க்கிட் தொட்டிக்கும் தொங்குகூடைக்கும் உள்விரிப்பாகப் பூச்செடி வளர்ப்போர் வாங்குவார்கள். சீப்பில் தங்கிய குட்டைத் தும்பு கால்மிதிக்கும் திணிப்புக்கும் போகும். தும்பையும் பிசினையும் சேர்த்துப் பலகை செய்வது, வாகன உதிரிப்பாகம் செய்வது போன்றவை ஆய்வுகூடங்களில் நடக்கின்றன. தும்பு ஈரத்தை இழுப்பதும் பிசினோடு சரியாக ஒட்டாததும் அங்கே இன்னும் பெரிய சிக்கல்கள். தொடங்குபவர் அதில் பணம் போடவேண்டாம்.

கணக்கு

பத்துக் கிலோ மட்டையடி எடுத்து, முழு வேலையையும் செய்து, எத்தனை கிராம் நீளத் தும்பு, எத்தனை நடுத்தரம், எத்தனை குட்டை என்று நிறுத்து எழுதுங்கள். சேகரிப்பு, ஊறல், சீவல், தரம்பிரிப்பு ஒவ்வொன்றுக்கும் எத்தனை மணி நேரம் போனது என்றும் எழுதுங்கள். இந்தப் பட்டியல் இல்லாமல் விலை சொல்லாதீர்கள்.

உங்கள் சொந்த உழைப்பையும் செலவில் சேருங்கள். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. அதற்குப் பின் மாறிய தொகை எதுவோ அதை வைத்துக் கணக்கிடுங்கள். ஒரு நாள் முழுக்கத் தும்பு வேலை செய்து, மலையில் கொழுந்து பறித்தால் கிடைப்பதைவிடக் குறைவாகக் கிடைக்கிறதென்றால் பொருளை மாற்ற வேண்டும், அல்லது முறையை மாற்ற வேண்டும். பெண்கள் வீட்டில் ஓய்வு நேரத்தில் செய்வது என்று சொல்லி அந்த உழைப்பைப் பூச்சியமாக எழுதும் வழக்கத்தை நான் முழுமூச்சாக எதிர்க்கிறேன். மலையிலிருந்து இறங்கி, தண்ணீர் எடுத்து, சமைத்து முடித்த பெண்ணுக்கு ஓய்வு நேரம் என்று ஒன்று எங்கே இருக்கிறது?

பதிவும் வாங்குபவரும்

வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகம் வழியாகப் பதிவு செய்யுங்கள். வங்கிக் கணக்குக்கும் பெரிய கடைகளுக்கும் அந்தச் சான்றிதழ் தேவைப்படும். கைவினைஞராகப் பதியத் தேசிய அருங்கலைகள் பேரவை, வடிவமைப்பு உதவிக்குத் தேசிய வடிவமைப்பு நிலையம், சிறு இயந்திரமும் பயிற்சியும் பற்றிக் கேட்கக் கைத்தொழில் அபிவிருத்திச் சபை ஆகியவற்றை அணுகலாம். அரசின் லக்சல நிறுவனமும் கைவினைப் பொருள்களைக் கொள்முதல் செய்கிறது. தமிழில் கடிதம் எழுதுங்கள், தமிழில் பதில் பெறுவது உங்கள் உரிமை.

ஏற்றுமதியை முதல் வருடத்தில் நினைக்கவேண்டாம். நினைக்கும் நாள் வந்தால் ஏற்றுமதி அபிவிருத்திச் சபையிடம் போங்கள். சுங்க வகைப்பாட்டில் பின்னல் மூலப்பொருள் 14ஆம் அத்தியாயத்திலும், கூடை பாய் போன்ற பின்னல் பொருள்கள் 46ஆம் அத்தியாயத்திலும், துடைப்பமும் பிரஷ்ஷும் 9603 என்ற தலைப்பிலும் வரும். தாவரப்பொருள் என்பதால் பல நாடுகள் தாவர சுகாதாரச் சான்றிதழ் கேட்கும். பூச்சியோ மண்ணோ ஒட்டியிருந்தால் அது கிடைக்காது.

வாங்குபவருக்கு முதல் மாதிரி அனுப்பும்போது கட்டோடு ஒரு சீட்டு கட்டுங்கள். மரத்தின் பெயர், ஓலையின் எந்தப் பகுதி, எந்த ஊரில் எந்த மாதம் எடுத்தது, நீள எல்லை, ஈர அளவு, மாதத்துக்கு எத்தனை கிலோ அல்லது எத்தனை உருப்படி தரமுடியும் என்று எழுதுங்கள். தரமுடிந்ததைவிட ஒரு கிலோகூடக் கூட்டி எழுதாதீர்கள். அதே கட்டின் பாதியை அதே திகதி எழுதிய சீட்டோடு உங்கள் வீட்டில் காற்றுப் படும் இடத்தில் தொங்கவிடுங்கள். மூன்று மாதம் கழித்து அன்று கொடுத்த தரம் இது இல்லை என்று பேச்சு வந்தால், இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க அது வேண்டும்.